பரிசோதனை நாள் பதில்

ரெஜிஸ்தரில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மருந்துச் சீட்டிலும் அதே பெயர்தான். ஆனால் அதை வாயால் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ஒண்ணரை. அந்தப் பெயரை வைத்தவன் ரேடியோ. அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை, அதனால் ரேடியோ. விடுதிக்கு வந்த இரண்டாம் நாள் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் நடந்து போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒரு முழு அடி, ஒரு அரை அடி. யாரு இந்த ஒண்ணரை?" என்று கேட்டான். ஆறு வயதுப் பயல் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. வலது கால் இழுக்கும். வலது கை மணிக்கட்டோடு மடங்கி வயிற்றை ஒட்டி நிற்கும். கணக்கு சரிதான்.

ஆதரவில்லாத, ஊனமுற்ற பிள்ளைகளுக்கான அந்த விடுதிக்கு அவள் கைக்குழந்தையாக வந்தவள். விடுதியில் உறவுக்குப் பஞ்சமில்லை. மேட்ரன் பெரியம்மா, சமையல்காரி சித்தி, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாமா. சாயங்காலமானால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு சொந்தப் பிள்ளைகளிடம் போய்விடுகிற சித்திகளும் மாமாக்களும். குறை சொல்வதற்கில்லை. உறவும் அங்கே ஒரு வேலைதான். சம்பளத்துக்குச் செய்தாலும் ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

ஏழு வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. சில மாதம் ஒன்று, சில மாதம் மூன்று. அதற்கும் விடுதியில் ஒரு முறை இருந்தது. பக்கத்தில் இருப்பவர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வைத்துவிட்டு, "ஒண்ணரை விழுந்துட்டா" என்று கத்த வேண்டும். அந்தக் கத்தலை அடுத்த அறை வாங்கிக் கத்தும். அங்கிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பெரியம்மா. கண் விழிக்கும்போது அவள் காதில் முதலில் விழுவது இந்தக் கத்தலின் வால்தான். தான் விழுந்தது அதைக் கேட்டுத்தான் அவளுக்கே தெரியும். மண்டை வலிக்கும், நாக்கில் ரத்தம் கரிக்கும்; ஆனாலும் விழுந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதில் ஒரு நிம்மதி. குளியலறை உட்பட அங்கே எந்தக் கதவுக்கும் உள்பக்கத் தாழ்ப்பாள் கிடையாது.

விடுதியின் இன்னொரு முறை, பரிசோதனை நாள். வருடத்துக்கு இரண்டு தடவை மேலிடத்திலிருந்து ஆள் வருவார்கள். முதல் நாளே தரை கழுவி, பீரோவில் பூட்டி வைத்திருக்கும் புதுப் போர்வைகள் வெளியே வரும். ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் பார்வைக்கு நன்றாக இராது என்று சாமான் அறைக்குப் பின்னால் போய்விடும். படுக்கையை நனைக்கிற பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வந்தவர் சாப்பாடு எப்படி என்று கேட்டால், நல்லா இருக்கு. ஏதாவது குறை உண்டா என்று கேட்டால், ஒண்ணும் இல்லை. நடந்து காட்டு என்றால் நடந்து காட்ட வேண்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் சாயங்காலம் ஆளுக்கு நாலு பிஸ்கட், கூடுதலாக ஒரு மணி நேரம் டிவி. கெட்டுப்போனால் நிதி போய்விடும், நிதி போனால் விடுதி போய்விடும், விடுதி போனால் நீங்களெல்லாம் தெருவுக்குத்தான் என்று பெரியம்மா சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை, அவளும் அதை நம்பினாள்.

பத்து வயதில் ரேடியோ ஒரு பரிசோதனை நாளைக் கெடுத்தான். சாப்பாட்டில் கல், போர்வையில் மூட்டைப்பூச்சி, எனக்கு ராத்திரி பயமா இருக்குது என்று வந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிட்டான். ஒரு மாதம் யாருக்கும் டிவி இல்லை. "வாய மூடிக்கிட்டு இருந்தா உன் வாய் என்ன புழுத்தா போயிடும்?" என்று அவனை முதலில் கேட்டவள் ஒண்ணரைதான்.

பதினெட்டு முடிந்தால் வெளியே போக வேண்டும். அது சட்டம். பதினெட்டு முடிந்ததும் கால் நேராகிவிடுமா, வலிப்பு நின்றுவிடுமா என்று சட்டம் கேட்கவில்லை. போகிற இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் வீடு; அவளுக்கு இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இடம் காலியில்லை என்றார்கள். முதியோர் இல்லம், ஆறு மாதம் முன்பு பதினெட்டு முடிந்த ரேடியோவை அங்கேதான் போட்டிருந்தார்கள். நாற்பது தாத்தாக்களுக்கு நடுவில் அவன் ஒருத்தன். போனில் பேசும்போது, "பக்கத்துக் கட்டில்காரர் கூடப் பேசிப் பழகறதுக்குள்ள ஆள மாத்திடறாங்க ஒண்ணரை, மேல அனுப்பிடறாங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் இந்த வருஷம் மட்டும் ஆறு பேர் என்றான்.

கடைசியாக ஒரு வீடு இருந்தது. விடுதிகளிலிருந்து வெளியேறும் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்றே கட்டியது. தரைத்தளத்தில் நான்கு அறைகள், ஆளுக்கு ஒன்று. பெரியம்மா அவளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வாசலில் படி இல்லை, சரிவு. உட்கார்ந்தபடியே சமைக்கிற உயரத்தில் அடுப்பு மேடை. கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தால் மணி அடிக்கிற கயிறு. அடித்தால் வருவதற்கு இரவு பகல் மாறி மாறி ஓர் ஆள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. ஒண்ணரை இடது கையை நீட்டினாள். கை தானாக எங்கே போய் விழுந்ததோ அங்கேயே கம்பி இருந்தது. யாரோ அவளை அளவெடுத்துக்கொண்டு போய் அடித்த மாதிரி. நான்கில் ஓர் அறை காலி. அதன் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடுகிற கொடி. அன்றைக்கு ராத்திரியெல்லாம் அந்தக் கொடியில் எந்தத் துணியை எந்த வரிசையில் போடுவது என்று யோசித்துக்கொண்டு கிடந்தாள். இதற்கு முன் எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அறையைக் கொடுப்பதா என்று முடிவு செய்ய ஓர் அம்மாள் படிவத்தோடு வந்தாள். பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் படிவக்காரி என்று பெயர் வைத்தார்கள். வருவதற்கு முதல் நாள் பெரியம்மா ஒண்ணரையைக் கூப்பிட்டு, நல்லா நடந்துக்கோ, கேட்டதுக்கு நல்லபடியா பதில் சொல்லு, இருபது வருஷமா இந்த விடுதி கெட்ட பேரு வாங்கினதில்லை என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கும் தெரியாது.

ஒண்ணரை காலையிலேயே ஊன்றுகோலைக் கொண்டுபோய்ச் சாமான் அறைக்குப் பின்னால் வைத்தாள். போன வாரம் விழுந்ததில் நெற்றியில் ஒரு வீக்கம். முடியை முன்னால் இழுத்துச் சீவி மறைத்தாள். படிவக்காரி நல்லவள்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். தனியாகக் குளிக்க முடியுமா? முடியும். சமைக்க? முடியும். படி ஏற? ஒண்ணரை எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மாடிப்படியில் பன்னிரண்டு படி ஏறி இறங்கிக் காட்டினாள். அடிவயிற்றிலிருந்து வலி கிளம்பியது. முகத்தில் ஒரு சொட்டுக் காட்டவில்லை. வலிப்பு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? இப்பல்லாம் இல்லைங்க. கடைசியாக எப்போது வந்தது? ஞாபகமே இல்லைங்க, ரொம்ப நாளாச்சு. ராத்திரியில் துணைக்கு ஆள் வேண்டுமா? வேண்டாம். ஏதாவது கஷ்டம் இருக்கிறதா? ஒண்ணும் இல்லைங்க.

படிவக்காரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, இப்படிப்பட்ட பொண்ணை நான் பார்த்ததே இல்லை என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை பிஸ்கட் வந்தது. சாமான் அறைக்குப் பின்னாலிருந்து ஊன்றுகோலை எடுக்கப் போகும்போது ஒண்ணரைக்குக் கால் நடுங்கியது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள். அறை கிடைத்த மாதிரிதான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தாள். உதவித் தேவை: மிகக் குறைவு. தனித்து வாழும் தகுதி: முழுமையாக உண்டு. தனி அறை ஒதுக்கப்படுகிறது. "நம்ம விடுதியிலேயே தனி ரூம் வாங்கின மொத ஆளு" என்று பெரியம்மா கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். கடிதத்தின் அடியில் முகவரி இருந்தது. அது அந்தத் தரைத்தளத்து வீட்டின் முகவரி இல்லை. மூன்றாவது மாடி என்று போட்டிருந்தது. பெரியம்மா அந்த வரியை இரண்டாம் தடவை வாய்க்குள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதற்குள் பிள்ளைகள் கைதட்டி முடித்திருந்தார்கள்.

அறைக்குப் போக ஐம்பத்தொரு படி. கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று, சன்னல் ஒன்று. சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். நடைபாதைக் கடைசியில் குளியலறை. தரை எப்போதும் ஈரம், சுவரில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போது, உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கோம்மா, தனியா இருக்கிற பொண்ணு என்றார். ஒண்ணரை பிறந்ததிலிருந்து தாழ்ப்பாள் போட்டதில்லை. முதல் தடவை இடது கையால் தள்ளியபோது அது இறங்கிய சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

முதல் வாரம் சாப்பாட்டு மணிக்காகக் காத்திருந்து இரண்டு நாள் ராத்திரி சாப்பிட மறந்தாள். எட்டு மணியானால் யாராவது விளக்கை அணைப்பார்கள் என்று உட்கார்ந்திருப்பாள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் தனக்குத் தானே, "விளக்க அணைங்க" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எழுந்து போய் அணைத்தாள்.

வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். பதினேழு வயதிலேயே விடுதி சேர்த்துவிட்டது. நோயாளிகளின் கட்டில் விரிப்புகள் வெந்நீரில் வெந்து, பிழிந்து, சூடான உருளைக்குள் போய்த் தட்டையாக வெளியே வரும். வெளியே வரும் விரிப்பை இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி பிடித்து மடிக்க வேண்டும். தனியாக ஒருத்தி மடிக்க முடியாது; தரையில் புரண்டால் திரும்பவும் வெந்நீருக்குப் போகும். ஒண்ணரை ஒரு மூலையை இடது கையாலும் மற்ற மூலையைப் பல்லாலும் பிடிக்கப் பழகியிருந்தாள். மேஸ்திரி பார்த்தால் சத்தம் போடுவார், எச்சில் படக் கூடாதென்று. அவர் பார்க்காதபோதுதான் வேலை வேகமாக நடக்கும். எதிர்முனையில் நிற்பவள் எப்போதும் ஒரே அக்காள். நாற்பது வயது, தோள் ஆண்பிள்ளைத் தோள், நாக்கு கத்தரிக்கோல். ஒண்ணரை அவளை எதிர்முனை அக்கா என்றே கூப்பிடுவாள். நாளைக்கு ஐந்நூறு தடவை இருவரும் மடிப்புக்காக நெருங்கி வருவார்கள், விரல்கள் தொட்டுக்கொள்ளும், விலகுவார்கள். நாள் முழுவதும் அவளை ஒரு மனித விரல் தொட்டது என்றால் அதுதான்.

அறைக்கு வந்த மூன்றாவது மாதம், ஒரு விடுமுறை நாள் மதியம், அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். கொதிக்கட்டும் என்று திரும்பினது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கட்டில் கால். கன்னத்தை ஒட்டிக் கட்டில் கால். சன்னலில் இருந்த வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. பாத்திரம் தண்ணீர் வற்றி, அடிப்பிடித்து, இரும்பு எரிகிற நாற்றம். கீழாடை நனைந்திருந்தது. புருவத்துக்கு மேல் பிளந்து ரத்தம் தரையில் காய்ந்திருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. யாரோ கத்த வேண்டும். ஒண்ணரை விழுந்துட்டா என்று யாராவது சொன்னால்தானே விழுந்தது உறுதியாகும். கீழே எங்கேயோ குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள். கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. ஊர்ந்து போய் அடுப்பை அணைத்தாள். அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ரொட்டியும் பச்சைத் தண்ணீரும். தாழ்ப்பாளும் பூட்டும் போடுவதில்லை. போட்டால் விழுந்தபின் யாரும் வர முடியாது. போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம். கதவைப் பார்த்துக்கொண்டே தூங்குவதற்கு அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனாள். பெரியம்மாவிடம் சொன்னால் ஏதாவது வழி கிடைக்கும் என்று நினைத்தாள். வாசலில் மாமா எழுந்து நின்று, "அட, ஒண்ணரையா" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டு, பார்வையாளர் நோட்டை நீட்டினார். பெயர் எழுதினாள், ரெஜிஸ்தர் பெயர். நேரம் எழுதினாள். அடுத்த கட்டத்தில், பார்க்க வந்தவரின் உறவுமுறை என்று இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "என்னம்மா யோசனை, சும்மா ஏதாச்சும் எழுது" என்றார் மாமா. அவள் ஒரு கோடு போட்டாள். பெரியம்மா அன்றைக்கு லீவு. ஒண்ணரையின் பழைய கட்டிலில் வேறொரு சின்னப் பெண் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒண்ணரை ஐந்து நிமிடம் வராந்தாவில் நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

எதிர்முனை அக்காதான் புருவத்துக் காயத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஒண்ணரை வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அக்கா விரிப்பை விடவில்லை. தன் முனையைச் சுண்டி இழுத்தாள். அவளைப் பொய் சொல்லி ஏமாற்ற முடியாது. நாலாவது விரிப்பில் எல்லாம் வெளியே வந்துவிட்டது: அந்த வீடு, கைப்பிடிக் கம்பி, படிவம், பன்னிரண்டு படி, கடிதம். கடிதத்தை மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். முகம் சுருங்கியது.

"ஏண்டி, உன்ன என்ன பொண்ணு பாக்கவா வந்தாங்க? நல்லா நடப்பா, நல்லா சமைப்பா, ஒரு நோயும் கெடையாதுன்னு காட்டிட்டு வந்திருக்க."

"நல்லா சொன்னாத்தானேக்கா கொடுப்பாங்க."

"முடியாதவளுக்குத்தான்டி அந்த வீடு. எல்லாம் முடியும்னு சொன்னவளுக்கு எதுக்கு அது? நீயே உன் வாயால கதவச் சாத்திட்டு வந்திருக்க."

உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து தரையில் விழுந்தது. மேஸ்திரி தூரத்திலிருந்து சத்தம் போட்டார். ஒண்ணரை குனிந்து எடுக்கவில்லை. இருபது வருஷமா இந்த விடுதி கெட்ட பேரு வாங்கினதில்லை என்ற சொல் தலைக்குள் ஓடியது. அப்புறம் ரேடியோ ஓடினான், வந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு. அவன் சொன்னது எல்லாமே நிஜம்தான். சாப்பாட்டில் கல் இருந்தது. அவளுக்கும் ராத்திரி பயமாகத்தான் இருந்தது.

அக்கா அவளைக் கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குத் துரத்தினாள். மறுமதிப்பீடு கேட்கலாம் என்றார்கள். இடது கையால் எழுதிக் கொடுத்தாள். பதில் வரும்வரைக்கும் கீழ்வீட்டில் யாரிடமாவது சொல்லி வை என்று அக்கா தினமும் சொன்னாள். கீழே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்று ஒண்ணரை தினமும் சொன்னாள். "தெரியலன்னா கதவத் தட்டு. அதுக்குத்தான் கதவு" என்றாள் அக்கா. விடுதியில் யாரும் யார் கதவையும் தட்டியதில்லை. எந்த அறைக்குள்ளும் யாரும் போகலாம். தட்டுவதென்றால் எத்தனை தடவை, எவ்வளவு சத்தமாக என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை இரண்டாவது மாடியில் நின்றுவிட்டு மேலே ஏறிவிட்டாள்.

ஏழு வாரம் கழித்துப் படிவக்காரி வருவதாகத் தகவல் வந்தது. விடுமுறை நாள், மதியம் மூன்று மணி. ஒண்ணரை காலையில் எழுந்ததுமே கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கட்டிலில் விரிப்பை மூலை மூலையாக இழுத்து மடித்தது. தரையைத் துடைத்தது. ஊன்றுகோலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. தள்ளிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்துவிட்டாள். விரிப்பைக் கலைத்துப் போடலாமா என்று யோசித்தாள். கரிப்பிடித்த பாத்திரத்தை நடு அறையில் வைக்கலாமா? அதுவும் ஒரு வேஷம்தானே என்று தோன்றியது. விரிப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். ஊன்றுகோலை மட்டும் வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முடியைப் பின்னால் வாரிக் கட்டினாள். புருவத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

படிவக்காரி ஐம்பத்தொரு படி ஏறி மூச்சிரைக்க வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச முடியாமல் கையைக் காட்டினாள், ஒரு நிமிஷம் என்று. தண்ணீர் குடித்தாள். பிறகு பழைய படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதைத் திறந்தாள்.

தனியாகக் குளிக்க முடியுமா? ஒண்ணரை வாயைத் திறந்தாள். முடியும் என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. பதினெட்டு வருடம் நின்று பழகிய சொல். அதை விழுங்க எச்சில் போதவில்லை.

"முடியாது. வழுக்குது. சுவரப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். உக்காந்தா எந்திரிக்க முடியல, அதனால வாரத்துல ரெண்டு நாள்தான் குளிக்கறேன்."

முகம் எரிந்தது. யாரோ துணியை உருவின மாதிரி இருந்தது. படிவக்காரி பழைய படிவத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"போன தடவ எல்லாம் முடியும்னு சொன்னீங்களேம்மா. படி ஏறிக் காட்டினீங்க. இதுல எது நிஜம்?"

"அது பரிசோதனை நாள் பதிலுங்க," என்றாள் ஒண்ணரை. "அன்னைக்கு அப்படித்தான் சொல்லணும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இது சும்மா நாள் பதில்."

படிவக்காரி பேனாவை மூடினாள், திறந்தாள். அதற்குப் பிறகு மெதுவாகக் கேட்டாள். சமைக்க? அடுப்புப் பத்தவைக்கறதில்ல. வலிப்பு? போன மாசம் ரெண்டு, அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு, எனக்குத் தெரிஞ்சு. தெரியாம எத்தனையோ. படி? எறங்க இருபது நிமிஷம், ஏற அரை மணி. வேலைக்குப் போறதுக்கு மட்டும்தான் எறங்கறேன். ஒவ்வொன்றுக்கும் முடியாது, முடியாது என்று எழுதி, பக்கம் திருப்பினாள். கடைசியாக ஒரு கேள்வி. பழைய படிவத்தில் அதை அவள் கேட்கவே இல்லை, எல்லாம் முடியும் என்றவளிடம் கேட்கத் தேவைப்பட்டிருக்காது. நீங்க விழுந்தா எத்தனை நேரத்துல யாருக்குத் தெரியவரும்?

ஒண்ணரை யோசித்தாள். "வேலை நாளா இருந்தா அடுத்த நாள் காலைல. விரிப்போட என் முனையப் பிடிக்க ஆள் இருக்காதுல்ல, எதிர்முனை அக்காவுக்குத் தெரியும்."

படிவக்காரி எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"உதவித் தேவைக்கு மார்க் நிறைய வரும்மா. ஆனா அந்த ரூம் போயிடுச்சு. ஒரு தம்பிக்குக் குடுத்துட்டோம். முதியோர் இல்லத்துல இருந்தவர், கண் தெரியாது. என்னக் கேள்வி கேக்கவே விடல. அவரே ரெண்டு மணி நேரம் சொன்னார்."

ஒண்ணரைக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. வாயை மூடிக்கிட்டு இருக்காதவனுக்கு அறை. அந்தக் கம்பி அவன் கைக்கும் எட்டும். அந்தக் கயிற்றை இழுத்து மணி அடித்து, வருகிற ஆளைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருப்பான். நன்றாக இருக்கட்டும். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நொடியே, அவன் அங்கிருந்து போய்விட்டால் என்றும் நினைத்தாள். அந்த நினைப்பு தன்னுடையதுதானா என்று திடுக்கிட்டாள். தன்னுடையதுதான்.

அடுத்த காலியிடம் உங்களுக்குத்தான், பட்டியலில் முதல் பெயர் என்றாள் படிவக்காரி. எப்போது காலியாகும் என்று ஒண்ணரை கேட்டாள். யாராவது போனால் என்றாள். போறதுன்னா? படிவக்காரி படிவங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். "போனா சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நிலையைப் பிடித்து, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

ஒண்ணரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் எதிர்ச்சுவருக்குப் போனது. ஆறு மணிக்குக் கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உபரிச் சாவியை எடுத்துக்கொண்டு பதினேழு படி இறங்கினாள். கதவுக்கு முன்னால் நின்று, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, இடது கையால் ஒரு தடவை தட்டினாள். போதுமா என்று தெரியவில்லை. இன்னும் மூன்று தடவை தட்டினாள்.

திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொட்டுகள், தலையில் கட்டிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

"மேல் ரூம்ல இருக்கேன்க்கா."

"தெரியும். நீ நடக்கறதுதான் தெனமும் கேக்குதே, ஒண்ணு அழுத்தமா, ஒண்ணு இழுத்தாப்புல. என்ன விஷயம்?"

"எனக்கு வலிப்பு வரும்க்கா. மேல தொப்புன்னு சத்தம் கேட்டா அது நான்தான்."

அவள் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே நினைத்துப் பார்த்தாள். "ஒரு லீவு நாள் கேட்டுச்சு. மூட்டை கீட்டை எறக்கறியாக்கும்னு நெனச்சேன்." குரலில் மன்னிப்பும் இல்லை, பரிகாசமும் இல்லை. "வந்து என்ன செய்யணும்?"

சாவியை நீட்டினாள் ஒண்ணரை. "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது. அப்புறம்..." அப்புறம் கத்த வேண்டும். யார் காதில் விழுவதற்கு? "அவ்வளவுதான்க்கா."

அவள் சாவியை வாங்கி, கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டினாள். "காலைல ஆறுக்குப் போனா சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவேன். லீவெல்லாம் கணக்கில்ல, கூப்பிட்டா போகணும். விழறதா இருந்தா ஆறு மணிக்கு மேல விழு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒண்ணரையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிக்கா என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மேலே ஏறி வந்தாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைத் தொடவில்லை, வெளியிலிருந்து திறக்கிற பூட்டை மட்டும் சாவியால் திருப்பினாள். கரிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தாள். அடி வெளுக்கவில்லை. தண்ணீர் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு இருபத்தைந்து.

அடுப்பைப் பற்றவைத்தாள்.